வீட்டுக் கணக்குக்கு எந்த மென்பொருள்? சீட்டு, அடகு, வேளாண்மை உள்ள வீடுகளுக்கு ஓர் ஒப்பீடு

வீட்டு வரவு செலவுக்கு மென்பொருள் தேடுகிறவர்கள் பெரும்பாலும் நட்சத்திரங்களை எண்ணிப் பார்த்துத்தான் தரவிறக்குகிறார்கள். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வீடுகளில் அது இரண்டு மாதம் ஓடினால் பெரிய விஷயம். சோம்பலை மட்டும் குறை சொல்ல முடியாது. கடையில் கிடைக்கும் செயலிகளில் அனேகமானவை, மாதம் ஒருமுறை சம்பளம் வங்கிக்கு வந்து, வங்கி அட்டையாலேயே செலவாகிவிடும் வீட்டை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. இங்கே ஆசிரியர் வீட்டிலும் மூன்று ஏக்கர் வயல் இருக்கும். கல்முனையில் கடை வைத்திருப்பவர் சீட்டும் கட்டுவார். கணவர் கட்டாரில் இருக்க, மனைவி களுவாஞ்சிகுடியில் இருந்து வங்கி, அடகு, பிள்ளைகளின் ரியூஷன் எல்லாவற்றையும் ஒரே கையால் பார்ப்பார். காசு வந்தாலே வருமானம், போனாலே செலவு என்று எழுதும் செயலி இந்த வீடுகளில் பொய்க்கணக்குத்தான் காட்டும்.

ஆகவே எதைத் தேர்ந்தாலும் நாலு பதிவுகளைப் போட்டுப் பாருங்கள்: சீட்டு, அடகு, கடைக் கடன், வேளாண்மைச் செலவு. நாலையும் தாங்கினால் வைத்துக்கொள்ளலாம். தாங்காவிட்டால் வரைபடம் எவ்வளவு வடிவாக இருந்தாலும் அழித்துவிடலாம்.

நாலு பதிவுகள்

சீட்டை எடுப்போம். 10 பேர், ஆளுக்கு மாதம் 10,000 ரூபா, நாலாம் மாதம் உங்கள் முறை. சாதாரண செலவுச் செயலியில் மாதாமாதம் 10,000ஐச் செலவு என்று போடுவீர்கள். நாலாம் மாதம் கைக்கு வந்த 100,000 வருமானம் ஆகிவிடும். அந்த மாத அறிக்கை, சீட்டில் மட்டும் 90,000 ரூபா மிச்சம் என்று பச்சை நிறத்தில் காட்டும். உண்மையில் அன்றைக்கு நீங்கள் 60,000 ரூபாவுக்குக் கடன்காரர், இன்னும் ஆறு தவணை கட்ட வேண்டும்.

சரியான வழி, ‘சீட்டு’ என்ற பெயரில் தனியாக ஒரு கணக்குத் திறப்பது. வங்கிக் கணக்கு, கைக்காசு என்று வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அதே வரிசையில் இன்னொன்று. மாதத் தவணையைச் செலவாகப் போடாமல், கைக்காசில் இருந்து சீட்டுக்கு ‘மாற்றல்’ ஆகப் போடுங்கள். நாலாவது தவணையும் கட்டியபின் அதில் 40,000 நிற்கும். 100,000ஐ எடுத்ததும் மீதி சய (மைனஸ்) 60,000 ஆகும். அதுதான் உங்கள் கடன். மிச்ச ஆறு மாதமும் கட்டக் கட்ட அது தானாகவே பூச்சியத்துக்கு வந்து நிற்கும். கடைசி மாதம் பூச்சியம் வரவில்லை என்றால் ஏதோ ஒரு தவணை பதிவாகவில்லை அல்லது இரண்டு முறை பதிவாகியிருக்கிறது. ஏலச் சீட்டென்றால் ஒரு படி கூடுதல்: 88,000தான் கைக்கு வந்ததென்றால், சீட்டுக் கணக்கில் இருந்து 88,000 கைக்காசுக்கு மாற்றல், 12,000 ‘சீட்டுக் கழிவு’ என்ற செலவு. அந்த 12,000தான் முன்கூட்டி எடுத்ததற்கு நீங்கள் கொடுத்த உண்மையான விலை. அதைச் செலவாகப் பார்த்த பிறகு அடுத்த சீட்டில் எப்போது கேட்பது என்ற யோசனையே மாறும்.

அடகும் இதே மாதிரித்தான். இரண்டு பவுண் சங்கிலியை வைத்து எடுத்த காசு வருமானம் ஆகாது. ‘அடகு’ என்ற கணக்கைச் சய மீதியோடு வைத்து, அங்கிருந்து கைக்காசுக்கு மாற்ற வேண்டும். மீட்கும்போது முதலை மாற்றலாகவும் வட்டியைச் செலவாகவும் பிரித்துப் போடுங்கள். வட்டியை மட்டும் கட்டித் திருப்பி வைத்தால் முழுத் தொகையும் செலவு, கடன் ஒரு ரூபாவும் குறைந்திருக்காது. திருப்பி வைத்துத் திருப்பி வைத்து ஒரு ஆண்டில் வட்டி எவ்வளவு போனது என்பதை ஒரே வரியில் காட்டும் மென்பொருள்தான் இந்த வீட்டுக்கு உதவும்.

கடைக் கடன் சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் மாதக் கணக்கைக் குழப்புவதில் இதற்குத்தான் முதலிடம். இந்த மாதம் 18,500 ரூபாவுக்குச் சாமான் எடுத்து, சம்பளம் வந்ததும் 15,000 கொடுத்தால், செலவு 18,500. சாமான் எடுக்கும் அன்றே ‘கடைக் கடன்’ கணக்கில் இருந்து செலவு என்று போட வேண்டும். காசு கொடுப்பது வெறும் மாற்றல். செயலியில் கடனட்டை வகைக் கணக்கு இருந்தால் கடைக் கடனை அதில் திறக்கலாம், பொறிமுறை ஒன்றுதான். மாதக் கடைசியில் செயலி காட்டும் மீதியும் கடைக்காரரின் கொப்பியில் உள்ள மீதியும் ஒத்துப்போக வேண்டும்.

வேளாண்மைதான் கடினம். பெரும்போகத்தில் ஐப்பசி தொடங்கி மார்கழி வரை உழவு, விதைநெல், யூரியா, களைநாசினி என்று காசு போய்க்கொண்டே இருக்கும். வெட்டு தை, மாசியில். மாத வரவுசெலவை மட்டும் பார்க்கும் செயலி மார்கழியில் வீடு மூழ்கிவிட்டது என்று சிவப்பில் கத்தும், மாசியில் கோடீஸ்வரர் என்று சொல்லும். இரண்டும் பொய். ‘பெரும்போகம்’ என்று ஒரு கணக்குத் திறந்து, போட்ட காசையெல்லாம் அதற்குள் மாற்றுங்கள். எடுத்துக்காட்டாக மூன்று ஏக்கருக்கு 270,000 போட்டு, நெல் விற்று 480,000 வந்தால், 270,000 திரும்பிவந்த முதல், 210,000 இலாபம். அந்த 270,000ஐ அடுத்த போகத்துக்கு அல்லது வாங்கிய கடனுக்கு ஒதுக்கிவிட்டு, 210,000ஐ ஆறு மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் 35,000. இதுதான் வயலில் இருந்து வீட்டுக்கு வரும் மாத வருமானம். இந்த எண் தெரியாமல் வெட்டு முடிந்த கையோடு மோட்டார் சைக்கிளுக்கு முற்பணம் கட்டினால், சிறுபோகத்துக்கு விதைநெல் வாங்கக் கடன்படத்தான் வேண்டும்.

இன்னொரு நுணுக்கம்: சாப்பாட்டுக்கு ஒதுக்கும் நெல். பத்து மூடையை வீட்டில் வைத்துவிட்டு மிச்சத்தை விற்றால் வயலின் இலாபம் குறைவாகவும், வீட்டின் அரிசிச் செலவு பூச்சியமாகவும் தெரியும். வெட்டிய அன்றைய விலைக்கு அந்தப் பத்து மூடையையும் ‘நெல் விற்பனை’ என்றும் ‘அரிசிச் செலவு’ என்றும் பதியுங்கள். கைக்காசு மாறாது, இரண்டு கணக்கும் நேராகிவிடும்.

சுருக்கிப் பார்த்தால் ஒரு மென்பொருளுக்குக் கட்டாயம் வேண்டியவை மூன்று: பல கணக்குகள் திறக்கவும் சய மீதி வைக்கவும் முடிய வேண்டும், கணக்குகளுக்கிடையே மாற்றல் இருக்க வேண்டும், ஆரம்ப மீதி போட முடிய வேண்டும். ஒரு பதிவையே பல பகுதியாகப் பிரிக்கும் வசதி இருந்தால் நல்லது. வங்கியோடு தானாக இணைவது, குறுஞ்செய்தியைப் படித்துப் பதிவது எல்லாம் விளம்பரத்தில் முன்னுக்கு நிற்கும், நமக்கு அவற்றால் பயன் மிகக் குறைவு. அவை பிற நாட்டு வங்கிகளுக்காகச் செய்யப்பட்டவை. மீன்காரருக்குக் கொடுத்த 1,200 ரூபாவுக்குக் குறுஞ்செய்தி வராது.

கூகுள் ஷீட்ஸ், எக்செல்

அரச சம்பளம் மட்டும் வரும் வீட்டுக்கு, கடன் ஒன்று இரண்டுக்கு மேல் இல்லாவிட்டால், விரிதாள் போதும். செலவில்லை, நாளைக்கு மூடப்படும் என்ற பயமும் இல்லை. மைக்ரோசொப்ட் எக்செல் வாங்காதவர்கள் லிப்ரே ஒபிஸ் கல்க்கை இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம். வேறு வேறு இடத்தில் இருக்கும் இருவர் ஒரே தாளைப் பார்க்க வேண்டுமென்றால் கூகுள் ஷீட்ஸ். தோஹாவில் இருப்பவரும் செங்கலடியில் இருப்பவரும் ஒரே நேரத்தில் பார்க்கலாம், எழுதலாம்.

ஆறு நிரல்கள் போதும்: திகதி, விபரம், வகை, எந்தக் கணக்கில் இருந்து, எந்தக் கணக்குக்கு, தொகை. ஒவ்வொரு நிரையிலும் ‘இருந்து’, ‘க்கு’ என்று இரண்டு கணக்கையும் எழுதுவதால் சீட்டு, அடகு, கடைக் கடன் மூன்றும் இதிலேயே அடங்கும். மாத வாரியாக நிரலும் வகை வாரியாக நிரையும் வரும்படி ஒரு பிவட் டேபிள் (பதிவுகளை வகைப்படுத்தித் தானாகக் கூட்டிக் காட்டும் அட்டவணை) போட்டால் அறிக்கை தயார். மாதத்துக்கு ஒரு தாள் என்று பன்னிரண்டு தாள் திறக்காதீர்கள், ஆண்டுக்கு ஒரு தாள்தான். பிரித்துவிட்டால் ‘இந்த ஆண்டு வாகனக் காப்புறுதிக்கும் பெற்றோலுக்கும் எவ்வளவு’ என்று கேட்க வழி இருக்காது.

இதில் பிழைக்கும் இடங்கள் எல்லோருக்கும் ஒரே இடங்கள். முதலாவது திகதி. புதிய தாள் அமெரிக்க அமைப்பில் இருந்தால் 05/03 என்று நீங்கள் அடிக்கும் மார்ச் 5, மே 3 ஆகப் பதிவாகும். 25/03 என்று அடித்தால் 25ஆம் மாதம் இல்லாததால் அது திகதியே ஆகாது, வெறும் எழுத்தாக நிற்கும். கண்டுபிடிக்கும் வழி: உண்மையான திகதி கட்டத்தின் வலது பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடது பக்கம். பிவட்டில் மாதக் கூட்டுத்தொகை குறைந்தால் முதலில் இந்த நிரலைத்தான் பாருங்கள். தாளின் அமைப்புகளில் இடவமைப்பை ஐக்கிய இராச்சியம் என்றும் நேர வலயத்தைக் கொழும்பு என்றும் மாற்றினால் நாள் முதலாகவும் மாதம் இரண்டாவதாகவும் வரும். பதிவு தொடங்கமுன் மாற்றுங்கள். பிறகு மாற்றினால் ஏற்கெனவே பிழைத்தவை தானாகத் திருந்தாது.

இரண்டாவது, வகையின் பெயர். ‘ரியூஷன்’, ‘டியூஷன்’, கடைசியில் ஓர் இடைவெளியோடு ‘ரியூஷன் ’ என்று மூன்று விதமாக அடித்தால் அறிக்கையில் மூன்று வகை. டேட்டா வலிடேஷன் மூலம் வகை நிரலுக்குத் தெரிவுப் பட்டியல் கட்டாயம் போடுங்கள். கணக்குப் பெயர்களுக்கும் அப்படியே. மூன்றாவது, எழுத்துரு. அலுவலகப் பழக்கத்தில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்தால் கணினித் திரையில் தமிழாகத் தெரியும். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், போனில் திறந்தால் வெறும் குப்பை. யுனிகோட்டில் மட்டும் அடியுங்கள்.

வாட்ஸ்அப்பில் இணைப்பை அனுப்பி, கூகுள் ஃபோர்ம் மூலம் குடும்பத்தில் எல்லோரும் செலவு பதியும் முறையும் உண்டு. நன்றாகத்தான் இருக்கும், ஆனால் படிவத்துக்கு இணையம் வேண்டும். படுவான்கரையில் சிக்னல் விட்டுவிட்டு வரும் இடங்களில் படிவத்தை நம்ப முடியாது. தாளையே போனில் இணையமின்றியும் கிடைக்கும்படி குறித்துவைத்தால் பதிந்துகொள்ளலாம், சிக்னல் வந்ததும் சேர்ந்துவிடும்.

போன் செயலிகள்

கைக்காசிலேயே ஓடும் வீட்டுக்குப் போன் செயலிதான். மேசன், முச்சக்கரவண்டி ஓட்டுபவர், வாழைச்சேனையில் கடலுக்குப் போகிறவர், இவர்களுக்கு வரவு நாளுக்கு நாள் மாறும். செலவு நடந்த இடத்திலேயே பதியாவிட்டால் இரவில் ஞாபகம் வராது.

மொனெஃபை மிக வேகமானது. எண்ணை அடித்து வகைப் படத்தைத் தொட்டால் முடிந்தது. ஆனால் அதன் இயல்பு செலவைக் குறிப்பதுதான், கடன் கணக்குகளைப் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே தள்ள வேண்டியிருக்கும். ரியல்பைட் என்ற கொரிய நிறுவனத்தின் மணி மனேஜர் நமது நாலு பதிவுக்கும் நெருக்கமாக வரும். கைக்காசு, வங்கி, கடன் என்று கணக்குகளைப் பிரித்துத் திறக்கலாம், மாற்றலுக்குத் தனிப் பொத்தான் உண்டு, எக்செல் கோப்பாக வெளியே எடுக்கலாம். மாதத் தொடக்க நாளையும் மாற்றலாம். சம்பளம் 25ஆம் திகதி வந்தால் மாதமும் 25இல் தொடங்கட்டும், இல்லாவிட்டால் ஒரு சம்பளத்தின் செலவு இரண்டு மாதத்தில் சிதறும். இலவசப் பதிப்பில் விளம்பரம் வரும்.

குட்பட்ஜெட் வேறு சிந்தனை. காசு வந்ததும் அரிசி, மீன், கரண்ட் பில், பள்ளிக்கூடம் என்று உறைகளில் பங்கிட்டு, உறையில் இருக்கும் வரைதான் செலவு. இரண்டு போன்களில் ஒரே கணக்கு ஓடும், ஆகவே கணவன் மனைவி இருவரும் எழுதும் வீட்டுக்குப் பொருத்தம். இலவசப் பதிப்பில் உறைகளின் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. அதை ஒரு குறையாகக் கருத வேண்டாம், நாற்பது உறை வைத்திருக்கும் வீடு எந்த உறையையும் பார்ப்பதில்லை. வெளிநாட்டில் இருந்து மாதம் ஒரு தொகை வரும் வீட்டுக்கு நமது தெரிவு இதுதான். கடன், அடகு அதிகமுள்ள வீட்டுக்கு வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. செலவுக் கணக்குச் செயலி தொடர்பு எண்களையோ, புகைப்படங்களையோ, குறுஞ்செய்தியையோ கேட்டால் அனுமதிக்காதீர்கள். அனுமதியில்லாமல் இயங்க மறுத்தால் அழித்துவிடுங்கள். உடனடிக் கடன் கொடுக்கும் செயலிகள் சில, வரவுசெலவுச் செயலி வேஷத்தில் வருகின்றன.

கட்டணச் சேவைகள்

வை.என்.ஏ.பி. (யூ நீட் எ பட்ஜெட்) என்ற வரவுசெலவுச் சேவை உலக அளவில் பெயர் பெற்றது, அதன் முறையும் நல்ல முறை. ஆனால் ஆண்டுக் கட்டணம் 100 டொலருக்கு மேல், நமது காசில் 30,000 ரூபாவைத் தாண்டும். இலங்கை வங்கிகளோடு இணையாது, எல்லாவற்றையும் கையால்தான் அடிக்க வேண்டும். அதே வேலையைக் குட்பட்ஜெட் இலவசமாகச் செய்யும்போது இதற்குப் பணம் கட்டக் காரணம் இல்லை. இணையச் சேவையை மட்டும் நம்புவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் ஏராளமானோர் பாவித்த மிண்ட் சேவை 2024 மார்ச்சில் மூடப்பட்டது. மைக்ரோசொப்ட் மணி 2009இலேயே விற்பனையை நிறுத்தியது. எந்தச் செயலியை எடுத்தாலும் பதிவுகளை எக்செல் அல்லது சி.எஸ்.வி. (வெறும் எழுத்தாக உள்ள அட்டவணை) கோப்பாக வெளியே எடுக்க முடிகிறதா என்று முதல் நாளே செய்து பாருங்கள்.

கணினி மென்பொருள்கள்

ஹோம்பேங்க், மணி மனேஜர் ஈ.எக்ஸ்., க்னூகேஷ் மூன்றும் இலவசம், திறந்த மூலம், இணையம் தேவையில்லை. (மணி மனேஜர் ஈ.எக்ஸ். மேலே சொன்ன கொரியச் செயலி இல்லை, பெயர்தான் ஒன்று.)

ஹோம்பேங்க் இவற்றில் இலகுவானது. அதில் ஒரு வசதி வேளாண்மை வீட்டுக்காகவே செய்ததுபோல இருக்கும்: ஒவ்வொரு வகைக்கும் எல்லா மாதமும் ஒரே தொகை என்றும் வைக்கலாம், மாதத்துக்கு மாதம் வேறு தொகை என்றும் வைக்கலாம். தையில் பாடசாலைச் செலவு, வைகாசியில் கோயில் சடங்கு, நோன்பு மாதத்தில் பெருநாள் உடுப்பு, ஐப்பசியில் உழவு என்று ஆண்டையே முன்கூட்டிப் போட்டுவைக்கலாம். கோப்பு பூட்டப்படாமல் இருக்கும், கணினிக்குக் கடவுச்சொல் போடுவது உங்கள் பொறுப்பு. மணி மனேஜர் ஈ.எக்ஸில் கோப்பையே கடவுச்சொல்லால் பூட்டலாம். அந்தச் சொல்லை மறந்தால் மீட்க வழியில்லை. அண்ட்ரொய்ட் பதிப்பும் உண்டு. ஆனால் போனிலும் கணினியிலும் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் திறந்து எழுதினால் இரண்டில் ஒன்று அழியும்.

க்னூகேஷ் 1998 முதல் வெளிவரும் இரட்டைப் பதிவு மென்பொருள், அதாவது ஒவ்வொரு தொகையையும் எந்தக் கணக்கில் இருந்து, எந்தக் கணக்குக்கு என்று இரண்டு பக்கமும் எழுதுவது. உயர்தரத்தில் கணக்கீடு படித்த ஒருவர் வீட்டில் இருந்தால் இதைத் தவிர வேறொன்றைத் தேட வேண்டாம். சொத்துகள், பொறுப்புகள், வருமானம், செலவு, உரிமை என்று அவருக்குப் பழகிய ஐந்து தலைப்பில் எல்லாம் அடங்கும். சீட்டும் பெரும்போகமும் சொத்தின் கீழ், அடகும் கடைக் கடனும் குத்தகைத் தவணையும் பொறுப்பின் கீழ். கணக்குப் பெயர்களைத் தமிழிலேயே போடலாம்.

ஆசிரியர் ஒருவரின் சம்பளச் சீட்டை இதில் பதியும் விதத்தைப் பாருங்கள், ஏன் இது வேறு தரம் என்று விளங்கும். வங்கிக்கு வந்த தேறிய தொகையை மட்டும் வருமானமாகப் போடுவதுதான் வழக்கம். அப்படிப் போட்டால் சம்பளத்தில் கழிபடும் இடர்க் கடன் எவ்வளவு குறைந்தது என்பது எங்கும் தெரியாது. பிரித்த பதிவில் முதல் வரி மொத்தச் சம்பளம், அடுத்தடுத்த வரிகள் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியக் கழிவு, அக்ரஹார காப்புறுதி, இடர்க் கடனின் முதல், அதன் வட்டி, பண்டிகை முற்பணத் தவணை, கடைசி வரி வங்கி. கடன் முதலும் முற்பணமும் பொறுப்பைக் குறைக்கும், வட்டியும் காப்புறுதியும் செலவாகும். ஒருமுறை அடித்துத் திட்டமிட்ட பதிவாகச் சேமித்தால் மாதாமாதம் தானாக வரும், மாறிய தொகையை மட்டும் திருத்தினால் போதும். நிலையான வைப்பு வட்டியும் இதே மாதிரி. 2025 ஏப்ரல் 1 முதல் வங்கி 10 சதவீதம் நிறுத்திவைத்தல் வரி கழித்துத்தான் வட்டியைத் தருகிறது. முழு வட்டி வருமானம், வரி தனி வரி என்று பிரித்து வையுங்கள். வரி ஆண்டு ஏப்ரல் 1இல் இருந்து மார்ச் 31 வரை என்பதால் அறிக்கையின் காலத்தையும் அப்படி மாற்றி எடுத்தால் அந்த ஆண்டுக்கு எவ்வளவு கழிபட்டது என்று உடனே தெரியும்.

ஸகாத் கணக்குப் பார்க்கும் வீட்டுக்கும் இது பெரிய உதவி. ஹிஜ்ரி ஆண்டு நிறையும் நாளைக் கொடுத்தால் அன்றைய நாளின் சொத்து, பொறுப்பு மீதி அறிக்கை வரும். எதைச் சேர்ப்பது, எதைக் கழிப்பது என்பதை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். எண்களைத் தேடி அலைய வேண்டியதில்லை.

தொந்தரவுகளும் உண்டு. பதிவின் இரண்டு பக்கமும் சமப்படாவிட்டால் ‘இம்பேலன்ஸ்-எல்.கே.ஆர்.’ என்று ஒரு கணக்கு தானாக முளைக்கும். பயப்படாமல் அதைத் திறந்து, அங்கே நிற்கும் பதிவுகளுக்குச் சரியான கணக்கைத் தெரிவுசெய்யுங்கள், மீதி பூச்சியமாகும். கரண்ட் போய்க் கணினி அணைந்தால் அடுத்த முறை கோப்பு பூட்டியிருக்கிறது என்று சொல்லும். வேறு யாரும் திறந்திருக்கவில்லை என்பது உறுதியானால் ‘ஓப்பன் எனிவே’ கொடுக்கலாம். கோப்புறைக்குள் திகதி, நேரம் பெயரில் ஒட்டிய பல கோப்புகள் குவியும். அவை பழைய நகல்களும் பதிவேடுகளும், 30 நாள் தாண்டியவற்றை மென்பொருளே அகற்றும். திகதி ஒட்டாத கோப்புத்தான் உங்கள் கணக்கு. அவசரத்தில் பழைய நகலைத் திறந்து அதிலேயே தொடர்ந்து எழுதுவதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து. வரவுசெலவுத் திட்டப் பகுதி ஹோம்பேங்கை விடக் கடினம். போனில் பதிய வசதியில்லை, ஆகவே நாளாந்தக் கைக்காசைக் கொப்பியில் குறித்து, கிழமைக்கு ஒருமுறை வகை வாரியாகக் கூட்டி ஏற்றுங்கள். மீனுக்கு ஏழு பதிவு தேவையில்லை, ‘இக்கிழமை மீன்’ என்று ஒன்று போதும்.

யாருக்கு எது

சம்பளம் மட்டும், கடன் குறைவு: கூகுள் ஷீட்ஸ். நாள் கூலி, கைக்காசு: மணி மனேஜர். வெளிநாட்டுக் காசு, இருவர் எழுதுவது: குட்பட்ஜெட். வயல், ஆனால் கடன் சிக்கல் இல்லை: ஹோம்பேங்க். வயலும் சீட்டும் அடகும் சம்பளக் கடனும் ஒன்றாக இருந்தால் க்னூகேஷ், அதற்கு முதல் இரண்டு கிழமை கொஞ்சம் வருத்தப்படத்தான் வேண்டும். கடை வைத்திருப்பவர்கள் கடைக்கணக்கை இவற்றில் எதிலும் கலக்க வேண்டாம். கடையில் இருந்து வீட்டுக்கு எடுத்ததை மட்டும் எடுப்பனவாக ஒரு வரியில் வரவு வையுங்கள். கல்லாவில் இருந்து எடுத்த 500 ரூபாவும் அதில் வர வேண்டும்.

முதல் மாதம்

சம்பளம் வந்த மறுநாளோ மாதம் முதலாம் திகதியோ இரவில் உட்கார்ந்து வீட்டில் உள்ள காசை எண்ணுங்கள். பணப்பை, அலுமாரி, உண்டியல் எல்லாம். வங்கி மீதி, ஈசி கேஷ் மீதி, சீட்டில் கட்டியது, அடகில் உள்ளது, கடைக் கொப்பியில் நிற்பது எல்லாவற்றையும் ஆரம்ப மீதியாகப் போடுங்கள். கடனை எழுத வெட்கப்பட்டு விட்டுவிட்டால் பிறகு வரும் அறிக்கை எல்லாம் வீண்.

வகைகள் 12க்கு மேல் வேண்டாம். மரக்கறி, மீன், இறைச்சி என்று பிரிப்பதை விட ‘சாப்பாடு’ என்று ஒன்று போதும். ஆண்டுக்கு ஒருமுறை வரும் வாகனக் காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், சடங்கு, பெருநாள் இவற்றைக் கூட்டி 12ஆல் வகுத்து மாதாமாதம் ஒரு தொகையை ஒதுக்குங்கள்.

முதல் மாதத்தில் ஏறக்குறைய எல்லோரும் விழும் குழி ஏ.ரி.எம். இயந்திரம். 20,000 எடுத்ததைச் செலவு என்று போட்டு, பிறகு அந்தக் காசால் வாங்கிய மீனையும் எரிவாயு சிலிண்டரையும் திரும்பவும் செலவு என்று போடுவார்கள். மாதச் செலவு இரட்டிப்பாகத் தெரியும், மென்பொருள் பிழை என்று கைவிடுவார்கள். காசெடுப்பது வங்கியில் இருந்து கைக்காசுக்கு மாற்றல், அவ்வளவுதான். ஈசி கேஷில் நிரப்புவதும் மாற்றல். வங்கியின் குறுஞ்செய்தி வந்தவுடன் பதிபவர்கள் இதில்தான் அதிகம் தவறுவார்கள்.

கிழமைக்கு ஒருமுறை காசை எண்ணுங்கள். மென்பொருள் 6,400 என்று சொல்லி, கையில் 5,900 இருந்தால், 500ஐத் தேடி அரை மணித்தியாலம் செலவழிக்காமல் ‘தெரியாத செலவு’ என்று போட்டுச் சமப்படுத்துங்கள். மாதக் கடைசியில் அந்த வகை மொத்தச் செலவில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால் மட்டும் பதியும் பழக்கத்தை மாற்றலாம்: இரவில் பதிபவர் கடையிலேயே பதியட்டும்.

நகல் எடுப்பதை ஐப்பசியிலேயே சரிபாருங்கள். கார்த்திகை, மார்கழியில் வெள்ளம் வந்தால் மடிக்கணினியும் கொப்பியும் ஒரே அலுமாரியில்தான் நனையும். கூகுள் ட்ரைவில் 15 ஜீ.பீ. இலவசம், ஒரு வீட்டின் பத்து ஆண்டுக் கணக்கு அதில் ஒரு மூலைக்கும் காணாது. ட்ரைவ் பழக்கமில்லாதவர்கள் மாதம் ஒருமுறை கோப்பை வாட்ஸ்அப்பில் தங்களுக்கோ வெளியூரில் உள்ள மகனுக்கோ அனுப்பிவைக்கலாம். போன் மாற்றும்போது செயலியை மட்டும் புதிதாக நிறுவினால் பதிவுகள் வராது, பழைய போனில் நகல் எடுத்த பிறகே அதை விற்கவும். செயலியில் இருந்து எடுத்த சி.எஸ்.வி. கோப்பை எக்செலில் இரட்டைச் சொடுக்கினால் தமிழ் எல்லாம் சிதைந்து தெரியலாம். கோப்பு பழுதில்லை. வெற்றுத் தாளைத் திறந்து ‘டேட்டா’ பகுதியில் ‘ஃப்ரொம் டெக்ஸ்ட்/சி.எஸ்.வி.’ என்பதைத் தெரிவுசெய்து, எழுத்துக்குறி முறையை 65001 யு.ரி.எஃப்-8 என்று மாற்றினால் சரியாக வரும்.

ஒன்றில் இருந்து இன்னொன்றுக்கு மாற நினைத்தால் பழைய பதிவுகள் முழுவதையும் இறக்குமதி செய்ய மினக்கெட வேண்டாம். வகைப் பெயர்கள் பொருந்தாமல், மாற்றல்கள் இரட்டிப்பாகி, துப்புரவாக்கவே ஒரு கிழமை போகும். மாதத்தின் கடைசி நாள் மீதிகளை மட்டும் புதியதில் ஆரம்ப மீதியாகப் போட்டு, பழையதை ஓர் எக்செல் கோப்பாகச் சேமித்து, முதல் மாதம் மட்டும் இரண்டிலும் பதியுங்கள். மாத முடிவில் இரண்டிலும் கைக்காசும் வங்கி மீதியும் ஒன்றாக இருந்தால் பழையதை மூடலாம்.